அறுபத்தைந்து அங்குலத்தில் ஒரு கறை

ஆகஸ்ட் 4, வெள்ளி

டி.வி. வந்துவிட்டது. அறுபத்தைந்து அங்குலம். இரண்டு பேர் அட்டைப் பெட்டியோடு மாடிப்படி ஏறும்போது, கீழ்வீட்டம்மா எட்டிப் பார்த்து, "கட்டில் வாங்கினீங்களாக்கும்?" என்று கேட்டாராம். ஆடித் தள்ளுபடியில் பிரபாகர் பெங்களூரில் இருந்தபடியே போனில் தட்டி வாங்கி அனுப்பிவிட்டான். "பதினஞ்சு நாள் வெச்சுப் பாருங்கப்பா. புடிக்கலைன்னா ஒரு போன் போட்டாப் போதும், வந்து எடுத்துக்குவாங்க" என்றான்.

வைத்துப் பார் என்று என்னிடம் சொன்னால் நான் உண்மையிலேயே பார்ப்பேன் என்பது என் மகனுக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருஷம் ஈரோட்டில் ஒரே சாயப்பட்டறையில் கலர் மாஸ்டராக இருந்தவன் நான். வாங்குகிறவன் கொடுத்த மாதிரித் துண்டு ஒரு கையில், நாங்கள் சாயம் ஏற்றிய துணி ஒரு கையில். இரண்டும் ஒரே நிறம்தானா என்று சொல்வதுதான் வேலை. என் வாயிலிருந்து 'சரி' என்று வந்தால்தான் லாரி கிளம்பும். "சென்னியப்பா, உன்ற கண்ணுல தராசு இருக்குதுடா" என்பார் பெரிய முதலாளி. அதனால் இந்தப் பதினைந்து நாளும், பட்டறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் குறித்து வைத்தது போல, இந்த டி.வி.க்கும் முறையாகக் குறித்து வைக்கப் போகிறேன்.

பழைய முப்பத்திரண்டு அங்குலம் ஒரு வருஷமாகவே சரியில்லை. நடுவில் மங்கல். கீழே ஓடும் செய்தியைப் படிக்க முடியாது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் "நல்லாத்தானுங்க இருக்குது" என்று காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். அதைத் துணி தேய்க்கிற மாரப்பனுக்குக் கொடுத்தாயிற்று.

முதல் நாள் பார்த்த வரையில்: கறுப்பு நல்ல கறுப்பு. ரிமோட் மெல்லியது, பொத்தான்கள் குறைவு, எழுத்து இருப்பதே தெரியவில்லை. அதனிடம் பேசினால் போதுமாம். கமலவேணி அதை வாய்க்கு நேரே பிடித்துப் பக்திப் பாட்டு என்றாள். உடனே பாடியது. "ஏனுங்க, நாஞ் சொன்னா கேக்குதுங்க! கல்யாணமாகி முப்பத்தொம்போது வருசத்துல இந்த வூட்ல மொதல் தடவை" என்றாள்.

ஆகஸ்ட் 5, சனி

காலையில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்தேன். கிழக்கு ஜன்னல் திரையில் அப்படியே தெரிகிறது. திரைச்சீலை போட்டாக வேண்டும். சோபாவிலிருந்து டி.வி. ஒன்பது அடி. போதும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். எனக்கு ஏழடிதான் சரியாக வருகிறது. சோபாவை நகர்த்தினேன்.

கடையில் கண்ணைப் பறிப்பதற்கென்றே ஒரு பளபளப்பை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அதில் செய்தி வாசிக்கும் பெண் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்தவள் போல இருக்கிறாள். அமைப்புகளுக்குள் போய் அதைக் குறைத்தேன். இன்னொரு கூத்து, அசைவை வழவழப்பாக்குகிறேன் என்று ஏதோ செய்கிறது. அறுபது வருஷத்துப் பழைய படம், நேற்று பக்கத்துத் தெருவில் எடுத்தது மாதிரி தெரிகிறது. அதையும் அணைத்தேன். பழைய சேனல்களை இவ்வளவு பெரிதாக இழுத்துக் காட்டும்போது நாலு தடவை துவைத்த லுங்கி மாதிரி வெளுத்துப்போகின்றன. இதற்கு டி.வி.யைக் குறை சொல்ல முடியாது.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. நடுவில் லேசான கறை. கட்டை விரல் எண்ணெயோடு பட்டது போல. துடைத்தேன், போகவில்லை.

சாயங்காலம் துணி வாங்க மாரப்பன் வந்தார். "மாஸ்டரு, நீங்க குடுத்த டி.வி. கண்ணாடியாட்ட தெரியுதுங்க. எங்கூட்ல எல்லாத்துக்கும் சந்தோசம்" என்றார். பாவம், எதைக் காட்டினாலும் சந்தோஷப்படுகிற மனுஷன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு 1985 ஞாபகம் வந்துவிடுகிறது. கல்யாணமாகி ஒரு வருஷம். முதல் டி.வி. வாங்கினோம். கறுப்பு வெள்ளை, மரப்பெட்டி, முன்னால் இழுத்து மூடுகிற கதவு. இந்த வீட்டுவசதிக் குடியிருப்பிலேயே எங்களுடையதுதான் இரண்டாவது. நான் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்புவேன். கமலவேணி ஜன்னலில் நின்று, "வந்துருச்சுங்க... வந்துருச்சு... அய்யோ போயிருச்சு, பழைய எடத்துக்கே திருப்புங்க!" என்று கத்துவாள். பழைய இடம் எது என்று யாருக்குத் தெரியும். படம் ஆரம்பிப்பதற்குள் ஒரு கூடம் ஜனம் உட்கார்ந்திருக்கும். அவளுக்கு உட்கார இடமிருக்காது, சமையலறை வாசலிலேயே நின்று பார்ப்பாள்.

அப்போது டி.வி. முன்னால் மாட்டுகிற பிளாஸ்டிக் தாள் ஒன்று விற்றார்கள். மேலே நீலம், நடுவே ஆரஞ்சு, கீழே பச்சை. மாட்டினால் கலர் டி.வி. ஆகிவிடுமாம். கமலவேணி ஆசைப்பட்டு வாங்கி வந்து மாட்டிவிட்டாள். பட்டறையிலிருந்து வந்து பார்க்கிறேன், கதாநாயகிக்குத் தலை நீலம், கால் பச்சை. கலர் மாஸ்டர் வீட்டில் இப்படி ஒரு அநியாயமா என்று கழற்றிச் சுருட்டி எறிந்தேன். இரண்டு நாள் பேசவில்லை அவள். மூன்றாம் நாள் நானே எடுத்து மாட்டினேன். 

இன்றைக்கு அறுபத்தைந்து அங்குலத்தில் நாங்கள் இரண்டே பேர். கறை அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 7, திங்கள்

டம்ளருக்கு வெளியே காபியை ஊற்றிவிட்டேன். கமலவேணி புது டம்ளர் வாங்கியிருக்கிறாள், வாய் குறுகல்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

இன்று பெரிய கண்டுபிடிப்பு. இணையத்தில் டி.வி. சோதிப்பதற்கென்றே படங்கள் வைத்திருக்கிறார்கள். முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழுச் சாம்பல், அப்புறம் கட்டம் கட்டமாகக் கோடு போட்டது. பிரபாகர் போனில் வழி சொல்லச் சொல்லப் போட்டேன்.

சாம்பல் நிறத்தில் கறை தெளிவாகத் தெரிந்தது. அதுமட்டுமில்லை, அது ஓர் இடத்தில் நிற்பதில்லை. மூலையில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்தால் கறை கடிகாரத்தின் மேல் வந்து உட்காருகிறது. சேனல் பெயரைப் பார்த்தால் அங்கே போகிறது. முதலில் திகைத்துப்போனேன். பிறகு தேடிப் படித்தேன். இந்த மாதிரி டி.வி.களில் திரைக்குப் பின்னால் விளக்குகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்களாம். தேவைக்குத் தகுந்தாற்போல் ஒரு பகுதி மங்கும், ஒரு பகுதி கூடும். அந்த ஏற்பாட்டில்தான் கோளாறு. இதை விளக்கினால் கமலவேணிக்குப் புரியவில்லை. "எனக்குக் கறையே தெரியிலீங்களே" என்றாள். அவளுக்கு அந்த பிளாஸ்டிக் தாளே கலர் டி.வி.யாகத் தெரிந்தது.

கட்டம் போட்ட படத்தில் இன்னொன்றும் கண்டேன். நடுவிலுள்ள கோடுகள் லேசாக வளைந்திருக்கின்றன. திரையே வளைந்துபோயிருக்கிறது, மாடிப்படியில் எங்கேயோ இடித்திருக்கிறார்கள்.

இந்த டைரியையும் சொல்ல வேண்டும். தாளில் கோடுகளை மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் எதிலும் தரம் இல்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

கடையிலிருந்து நவ்ஷாத் என்பவர் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பொறுமைசாலி. நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு, பக்கத்தில் நின்று பார்த்தார், தூர நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார்.

"சார், எனக்கு எதுவும் தெரியலையே."

"நீங்க தெனமும் நூறு டி.வி. பாக்கறீங்க தம்பி, கண்ணு பழகிப்போயிருக்கும்" என்றேன்.

அவர் என்னையே சிறிது நேரம் பார்த்தார். "சரிங்க சார், இதை எடுத்துட்டு வேற ஒண்ணு அனுப்பறேன்" என்றார். மறுபேச்சில்லை. இப்படி இருக்க வேண்டும் கடை. போகும்போது தண்ணீர் கேட்டு, சமையலறை வாசலில் கமலவேணியோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என்ன என்றேன். ஊர் எது என்று கேட்டாராம்.

ஆகஸ்ட் 12, சனி

மாற்று டி.வி. வந்தது. பெட்டி பிரிக்கும்போது நானே நின்று பார்த்தேன். இந்தமுறை எங்கும் இடிக்கவில்லை. பதினைந்து நாள் இன்றிலிருந்து மறுபடி தொடக்கம்.

இன்று சோதனை வேண்டாம், சும்மா பார்க்கலாம் என்றாள் கமலவேணி. எனக்கும் ஆசைதான். பார்த்தோம்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

பிரபாகருக்குக் காது குத்திய வீடியோ கேசட் ஒன்று உண்டு. 1989. அதை அவன் பெங்களூரில் யாரிடமோ கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றி, டி.வி. வந்த கையோடு கூரியரில் அனுப்பியிருந்தான். இன்றுதான் போட்டோம்.

மண்டப வாசலில் வாழை மரம் கட்டுகிறார்கள். சீவலும் வெற்றிலையும் தட்டுத் தட்டாகப் போகின்றன. ஒறம்பரைச் சொந்தங்கள் வந்து இறங்குகிறார்கள். கமலவேணி ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "பாருங்க, எங்க சின்ன மாமன். உங்க பெரியப்பா. அய்யோ, இந்தக்கா போய்ச் சேந்து பத்து வருசமாச்சு." இருந்தவர்களில் பாதிப் பேர் இல்லை. அவர்கள் குனிந்து குழந்தைக்குக் காசு வைத்துவிட்டு, கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரிக்கிறார்கள் என்று அவள் சொன்னாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அப்புறம் அவள் வந்தாள். மாந்துளிர் நிறத்தில் பட்டு. அந்த நிறம் கடையில் வாங்கியதல்ல. மூன்று தடவை கலவை மாற்றி, பட்டறையில் முதலாளிக்குத் தெரிந்தும் தெரியாமலும் நான் ஏற்றியது. மாமரத்துக் கொழுந்து இலையைப் பறித்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சரி செய்தேன். அந்தச் சேலையின் ஓரம் தெரிந்தது, நிறமும் வந்தது. முகம் மட்டும் தெரியவில்லை. எல்லா முகமும் அப்படித்தான். தலை இருக்கிறது, பூ இருக்கிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஈரத்துணியால் இழுத்துவிட்டது போல. டேப் கெட்டுப்போய்விட்டது. முப்பத்து நான்கு வருஷம் அலமாரியில் கிடந்தால் கெடாமல் என்ன செய்யும்.

அவளிடம் "டேப் போச்சு புள்ள" என்றேன்.  இன்னொரு தடவை போடட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

சோபா இப்போது ஐந்தடியில் இருக்கிறது.

ஆகஸ்ட் 14, திங்கள்

சந்தேகமே இல்லை. புது டி.வி.யிலும் அதே கறை. அதே வளைவு. கொஞ்சம் கூடவே. இந்த மாடலே தவறு. கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன், நாலு வரியில் நிறுத்திவிட்டேன். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன. பேனா சரியில்லை.

நவ்ஷாத்துக்குப் போன் போட்டேன். "ரெண்டு டி.வி.லயும் ஒரே மாதிரிங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.  புதன்கிழமை வருகிறாராம்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

காலையில் கொடியேற்றம் பார்த்தோம். காவி செத்துக் கிடக்கிறது. பச்சையில் சாம்பல் கலந்திருக்கிறது. கமலவேணி "எனக்கு நல்லாத்தானுங்க தெரியுது" என்றாள். நான் கோபப்பட்டுவிட்டேன். முப்பத்து நான்கு வருஷம் நிறம் பார்த்தவனிடம் நிறம் பேசுகிறாயே என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் எழுந்து துணி உலர்த்தப் போய்விட்டாள்.

பட்டறை ஞாபகம் வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஐந்தாறு வருஷமாகச் சின்ன முதலாளி சிக்கலான நிறம் என்றால் துண்டுகளை வீட்டுக்கே கொடுத்தனுப்புவார். "மாஸ்டர் பாத்துச் சொல்லட்டும்" என்பார். மே மாசத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நிறம் பார்க்க மெஷின் வாங்கிவிட்டார்களாம், யாரோ சொன்னார்கள். மெஷினுக்கு எண் தெரியும், நிறம் தெரியாது. எப்படியும் ஒரு நாள் என்னைத் தேடி வருவார்கள்.

ஆகஸ்ட் 16, புதன்

நவ்ஷாத் பதினொரு மணிக்கு வந்தார். பையில் கருவி ஒன்றும் இல்லை, ஓரடி எஃகு ஸ்கேல் மட்டும்.

கட்டம் போட்ட படத்தைப் போடச் சொன்னேன். கோடுகள் வளைகிற இடத்தை விரல் வைத்துக் காட்டினேன். "பாருங்க தம்பி, இங்க உள்ள வாங்குது. இங்க பிதுங்குது."

அவர் மறுக்கவில்லை. "சார், இந்தக் கோட்டு மேலயே ஸ்கேல நீங்களே வெச்சுப் பாருங்க. கோடு வளைஞ்சிருந்தா ரெண்டுக்கும் நடுவுல சந்து தெரியும். சந்து இருந்துச்சுன்னா நான் இப்பவே எழுதிக் குடுத்துட்டு டி.வி.யத் தூக்கிட்டுப் போயிர்றேன்."

நியாயமான பேச்சு. பட்டறையில் நானும் அப்படித்தான் பேசுவேன்.

வைத்தேன். சந்து இல்லை. ஸ்கேலும் கோட்டோடு சேர்ந்து வளைந்திருந்தது.

எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். வெயிலில் நீட்டிப் பிடித்தேன். டி.வி. இல்லை, கோடு இல்லை, வெறும் ஸ்கேல். நடுவில் வளைந்திருந்தது. ஓரத்தில் விரலை ஓட்டினேன். நேராக இருந்தது. திரும்பவும் ஓட்டினேன். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நேராக இருந்தது.

சமையலறையில் மிக்சிச் சத்தம் நின்றிருந்தது. நவ்ஷாத் என் பக்கத்தில் வந்து நின்றார்.  "ஸ்கேல் உங்ககிட்டயே இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 17, வியாழன்

டி.வி. போடவில்லை. ரேஷன் கடைக்குப் போய்ப் பாமாயில் வாங்கி வந்தேன். குழாய்க்கு வாஷர் மாற்றினேன், விரலால் தடவித்தான்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

எழுதிவிடுகிறேன். டி.வி.யில் ஒன்றும் இல்லை. என் கண்ணில் இருக்கிறது.

காலையில் வெளியே நின்று, ஜன்னல் கம்பிகளை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். இடது கண்ணில் நடுவே ஓட்டை. அங்கே எதுவும் இல்லை. வலது கண்ணில் கம்பிகள் நெளிகின்றன. எத்தனை மாசமாக இப்படி என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதா, தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்பதா. பழைய டி.வி., டம்ளர், டேப், டைரித் தாள், பேனா. உலகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் கழித்துக் கட்டினேன். ஒன்றை மட்டும் பரிசோதிக்கவில்லை.

பயமாக இருக்கிறது. எனக்கு வேறு என்ன தெரியும்? கணக்குத் தெரியாது, பேச்சுத் தெரியாது, இரண்டு கண்ணை வைத்துத்தான் குடும்பத்தை நடத்தினேன். சின்ன முதலாளி அனுப்பிய துண்டுகளில் எத்தனையைத் தப்பாகச் சரி என்று சொல்லி அனுப்பினேனோ. 

சமையலறைக்குப் போய், "கமலா, கண்ணு சரியில்ல புள்ள" என்றேன். 

அவள் அடுப்பை அணைத்தாள். "செருப்பப் போடுங்க. ஆட்டோ சொல்லிப்போட்டேன்" என்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஏற்கெனவே எடுத்துவைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் படி இறங்கினாள்.

ஆகஸ்ட் 19, சனி

நேற்று ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கப் போயிற்று. கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா சின்ன வயசு. முதலில் ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார். கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் புள்ளி. பத்து நாளாக நான் டி.வி.யில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததேதான், உள்ளங்கை அளவில்.

விழித்திரையில் நடுப்பகுதி கெட்டிருக்கிறது. வயசானால் சிலருக்கு வருவதாம். இடது கண்ணில் வடு விழுந்துவிட்டது. "அந்தக் கண்ணுல நடுப்பார்வை இனி வராதுங்கய்யா. வலது கண்ணுல இப்பத்தான் கசிய ஆரம்பிச்சிருக்கு. ஊசி போட்டு நிறுத்தப் பாக்கலாம். மாசா மாசம் வரணும். இன்னும் தள்ளிப்போட்டிருந்தா இதுவும் கஷ்டம்" என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். "புது டி.வி. வாங்கினோமுங்க" என்றாள் கமலவேணி. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

திங்கட்கிழமை ஊசி. கண்ணுக்குள்ளேயே.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

காது குத்தும் வீடியோவை மறுபடி போடச் சொன்னேன். டேப் நன்றாக இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. முகம் தெரியாவிட்டால் என்ன, அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிரபாகர் வீறிட்டு அழுகிற இடத்தில் இரண்டு பேரும் சிரித்தோம். நாளைக்கு ஊசி போடும்போது நானும் அப்படித்தான் அழுவேன் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 26, சனி

இது கமலவேணி எழுதுவது. திங்கட்கிழமை ஊசி போட்டாயிற்று. அழவில்லை, என் கையைத்தான் நசுக்கிவிட்டார். ஒரு மாசம் போனால்தான் எவ்வளவு நின்றது என்று சொல்வார்களாம். இவர் எழுதினால் வரி மேல் வரி ஏறுகிறது, அதனால் 'நான் சொல்லச் சொல்ல எழுது' என்றார். எழுதினேன்: "டி.வி. நல்ல டி.வி. வைத்துக்கொள்ளலாம். நவ்ஷாத்துக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும்." அவ்வளவுதான் சொன்னார். இப்போது குளிக்கப் போயிருக்கிறார். மீதியை நான் எழுதுகிறேன்.

டைரியை முதலிலிருந்து படித்தேன். நானும் சிலதை மறைத்தேன். மே மாசம் சின்ன முதலாளி எனக்குத்தான் போன் செய்தார். "அக்கா, மாஸ்டர் சரின்னு சொன்ன ரெண்டு கலரு திரும்பி வந்துருச்சுங்க. அவருகிட்ட சொல்லீராதீங்க, மனசு ஒடிஞ்சிருவாரு" என்றார். நான் சொல்லவில்லை. வயசாகிவிட்டது, கவனம் குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கண் என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அந்த இடது கண்ணும் நின்றிருக்குமோ என்று இப்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

நவ்ஷாத் முதல் தடவை வந்தபோது ஊர் கேட்கவில்லை. "அம்மா, டி.வி.ல ஒண்ணுமில்லீங்க. எங்க அத்தாவும் இப்படித்தான், கோடு வளையுது, மூஞ்சி தெரியலைன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. நாங்க கண்டுக்கல" என்றார். சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே இவரிடம் சொல்லியிருந்தால் டி.வி.யை விட்டுவிட்டு, எங்களைத்தான் வளைந்துபோனவர்கள் என்றிருப்பார். டி.வி.க்கென்றால் பத்துப் பேரை வரவழைப்பார், தனக்கென்றால் ஒரு படி இறங்க மாட்டார். அதனால்தான் இவரே கண்டுபிடிக்கட்டும் என்று நாங்கள் பேசிவைத்த அந்த ஸ்கேல். ஆறு நாள் தள்ளியதற்கு என் பயம் காரணம்.

ஆஸ்பத்திரியில் ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டுமோ அதை நேராகப் பார்க்காமல், கொஞ்சம் பக்கத்தில் பார்க்க வேண்டும். அப்போது கறை அங்கே போய்விடும், பார்க்க வேண்டியது தெரியும். நாலு நாளாக டி.வி.யில் செய்தி வாசிக்கும் பெண்ணின் காதைப் பார்த்துப் பழகுகிறார். இவ்வளவு பெரிய திரை அதற்கு வசதியாக இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் "முகம் வந்துருச்சு, முகம் வந்துருச்சு!" என்று சத்தம் போட்டார். ஓடிப் போனேன்.

"இங்க உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். என் காதைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"ஏம்புள்ள, தலை இப்படி வெளுத்துக் கெடக்குது?"

"போன வாரந்தானுங்க சாயம் போடறத நிறுத்துனேன்" என்றேன்.

யாரிடம் போய்ச் சாயத்தைப் பற்றிப் பொய் சொல்கிறேன். வகிட்டில் விரலை வைத்து, வெள்ளை முடிந்து கறுப்பு தொடங்குகிற இடம் வரைக்கும் அளந்தார். நாலு விரல் வந்தது.

"ஏழு மாசம் இருக்கும்" என்றார்.

ஏழு மாசந்தான். பொங்கலோடு நிறுத்தினேன். நிறுத்திய நாளிலிருந்து இவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்தடி தள்ளி நின்று துணியில் ஒரு நூல் நிறம் மாறியிருந்தால் சொல்கிறவர். தை போயிற்று, மாசி போயிற்று, ஒரு வார்த்தை இல்லை. சரி, இத்தனை வருஷத்துக்கு அப்புறம் என்னைப் பார்க்க என்ன இருக்கிறது என்று நானே சொல்லிக்கொள்வேன். சில நாள் சமையலறையில் நின்று அழுதிருக்கிறேன். நேற்று அதைச் சொல்லிவிட்டேன். "நீங்க என்னையப் பாக்கறதையே விட்டுட்டீங்கன்னு நெனச்சனுங்க" என்றேன்.

அவர் டி.வி.யை அணைத்தார். கூடத்து விளக்கைப் போடச் சொன்னார். போட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும், என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.